முதலில் ப்ளக் பாயின்ட், அப்புறம் கார்

கேள்வி: மடிப்பாக்கத்தில் 12 வீடுகள் உள்ள அப்பார்ட்மென்டில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். கார் பார்க்கிங் கீழே, பின்பக்க மூலையில். தினமும் சிறுசேரி ஆபீசுக்குப் போய் வர 50 கிலோமீட்டர். பெட்ரோல் காரைக் கொடுத்துவிட்டு நெக்ஸான் ஈவி மின் கார், 45 யூனிட் பேட்டரி உள்ளதை வாங்கலாம் என்று இருக்கிறோம். அசோசியேஷன் செக்ரெட்டரி, "பார்க்கிங்கில் சார்ஜ் போடவே கூடாது, தீப்பிடித்தால் யார் பொறுப்பு?" என்கிறார். மாமனாருக்கு வெள்ளத்தை நினைத்துக் கவலை. ஷோரூமில் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் ஆகும் என்கிறார்கள், உண்மையா? வருடத்துக்கு இரண்டு முறை திருநெல்வேலி அம்மா வீட்டுக்கும் போக வேண்டும். செக்ரெட்டரி ஒத்துக்கொள்ளாவிட்டால் வெளியே சார்ஜ் போட்டே ஓட்டிவிடலாமா? பெயர் வேண்டாம்.

பதில்:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன் மேடம், மற்றதெல்லாம் அதைப் பொறுத்ததுதான். வெளியே சார்ஜ் போட்டே ஓட்டலாம், ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உங்களுக்கு அது வேண்டாம். வேலைக்குப் போய், வீட்டையும் பார்த்துக்கொள்கிறவர் வாரம் இரண்டு முறை ஒரு மால் பேஸ்மென்டில் ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருப்பது முதல் மாதம் புதுமையாக இருக்கும். மூன்றாவது மாதம் எரிச்சல் வரும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு சார்ஜிங் கன் வேலை செய்யவில்லை என்றால், அன்றைக்கு வண்டியை விற்றுவிடலாமா என்றுகூடத் தோன்றும். பார்க்கிங்கில் உங்கள் மீட்டரிலிருந்து ஒரு 16 ஆம்ப் பாயின்ட் வந்துவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அது வரும்வரை புக்கிங் பணம் கட்டாதீர்கள். ஷோரூமில் "எல்லாம் நம்ம ஆளு வந்து போட்டுக் கொடுத்துடுவாரு" என்பார்கள். அவர்கள் ஆளுக்குச் சுவரில் துளை போடத் தெரியும், உங்கள் செக்ரெட்டரியைச் சமாளிக்கத் தெரியாது.

பெட்ரோல் பங்க் பழக்கத்தில் நாம் "ஃபுல் ஆக எவ்வளவு நேரம்?" என்றுதான் கேட்கிறோம். சாதாரண 16 ஆம்ப் பாயின்டில் 45 யூனிட் பேட்டரி காலியிலிருந்து நிரம்ப சுமார் 15 மணி நேரம் ஆகும். கேட்டால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் நீங்கள் தினமும் காலி செய்யப் போவதில்லையே. 50 கிலோமீட்டருக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, சுமார் 8 யூனிட் போதும். அதே பாயின்டில் அது இரண்டரை மணி நேர வேலை. மொபைலைப் போலத்தான்: ராத்திரி சொருகுகிறோம், காலையில் எடுக்கிறோம். அதனால் 7.2 கிலோவாட் வால் பாக்ஸ் (சுவரில் பொருத்தும் வேகமான சார்ஜர்) கட்டாயம் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். அது 32 ஆம்ப் இழுக்கும். வீட்டில் இரண்டு ஏசி ஓடும்போது அதுவும் அதே பேஸில் ஏறினால் ஃபியூஸ் போய்விடும். முதலில் ஈபி கார்டிலோ பில்லிலோ உங்கள் சாங்ஷன்டு லோடு (வீட்டுக்கு அனுமதித்த மின்சுமை) எவ்வளவு என்று பாருங்கள். பழைய வீடுகளில் அது இப்போதைய இரண்டு ஏசிக்கே போதாமல் இருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். குறைவாக இருந்தால் லோடை உயர்த்த விண்ணப்பித்து, அதற்கான கட்டணத்தைக் கட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

இனி செக்ரெட்டரி. அவர் வில்லன் இல்லை. பெரும்பாலும் அவருக்கு இரண்டு பயம் இருக்கும். ஒன்று காமன் கரன்ட் போய்விடும் என்பது, மற்றது தீ. முதல் பயத்துக்கு நம் ஊர்க் கட்டடங்களிலேயே ஒரு வசதி இருக்கிறது. பெரும்பாலான அப்பார்ட்மென்ட்களில் எல்லா வீட்டு மீட்டர்களும் தரைத்தளத்தில் ஒரே போர்டில்தான் இருக்கும். மூன்றாவது மாடியிலிருந்து ஒயர் இறக்க வேண்டாம். உங்கள் மீட்டருக்கு அடுத்து வரும் மெயின் ஸ்விட்சிலிருந்து தனியாக ஒரு எம்சிபி (லோடு மீறினால் தானே இறங்கும் ஸ்விட்ச்), ஒரு ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் துண்டிப்பது) போட்டு, அங்கிருந்து பைப்பில் ஒயரை உங்கள் பார்க்கிங்குக்குக் கொண்டுபோய்விடலாம். ஒவ்வொரு யூனிட்டும் உங்கள் பில்லில்தான் ஏறும். இதை வாயால் சொல்லாமல் ஒரு பக்கக் கடிதமாக எழுதிக் கொடுங்கள். செலவு முழுதும் என்னுடையது, லைசென்ஸ் உள்ள ஒயர்மேன்தான் செய்வார், ஒயர் போகும் பாதையின் படம் இது, காமன் லைனைத் தொடவில்லை என்று இருக்கட்டும். வீட்டிலேயே இருக்கும் இணைப்பிலிருந்து சொந்த வண்டிக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. அதன் பிரதியையும் இணையுங்கள். அதை வைத்து அவரை மிரட்ட முடியாது, அது சங்கத்தைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. ஆனால் அரசு அனுமதித்த விஷயம் என்று தெரிந்தால் கூட்டத்தில் பேச்சின் தொனி மாறும்.

இன்னொன்றையும் கேளுங்கள். பன்னிரண்டு வீட்டில் இன்றைக்கு நீங்கள் ஒருவர். இரண்டு வருடத்தில் நான்கு பேர் வருவார்கள். ஆளாளுக்கு ஒரு பைப் என்று போனால் பார்க்கிங் கூரை சிலந்தி வலை ஆகிவிடும். மீட்டர் போர்டிலிருந்து பின்சுவர் வரை ஒரே ட்ரே போட்டுவிட்டால் பின்னால் வருகிறவர்கள் ஒயரை மட்டும் இழுத்துக்கொள்வார்கள். "எனக்கு அனுமதி கொடுங்கள்" என்று போகிறவரைவிட "எல்லோருக்குமாக இப்படிச் செய்யலாமா?" என்று போகிறவருக்குக் கூட்டத்தில் ஆதரவு கிடைக்கும். இது எலக்ட்ரிகல் அறிவு இல்லை, இருபது வருடமாக அப்பார்ட்மென்ட் கூட்டங்களில் டீ குடித்த அனுபவம்.

தீ விஷயத்தில் செக்ரெட்டரியின் பயம் முழுக்கத் தவறில்லை. அவர் பார்க்கிற இடம்தான் தவறு. 2022இல் மின் ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்து எரிந்த செய்திகள் எல்லோர் மனதிலும் இருக்கின்றன. அதற்குப் பிறகு பேட்டரி பாதுகாப்பு விதிகளை அரசு இறுக்கியது. ஸ்கூட்டருக்கு ஏஐஎஸ் 156, காருக்கு ஏஐஎஸ் 038. திருத்தங்கள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. நீங்கள் பார்க்கும் காரில் இருப்பது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை பேட்டரி. அது மற்ற லித்தியம் வகைகளைவிடச் சூட்டைத் தாங்கும். என்னைக் கேட்டால், அப்பார்ட்மென்டில் காரின் பேட்டரியைவிடச் சுவரில் இருக்கும் ப்ளக் பாயின்டைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். போன வருடம் ஒரு வீட்டுக்குப் போனேன். புதுக் கார், சார்ஜரைச் சொருகினால் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது, ஏறவே மாட்டேன் என்கிறது. "வண்டியில ஃபால்ட்டு சார்" என்று அவர் ஷோரூமோடு ஒரு வாரமாகச் சண்டை போட்டிருக்கிறார். மீட்டரை வைத்துப் பார்த்தேன். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 228 வோல்ட், சரி. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே முள் எங்கோ நடுவில் தடுமாறுகிறது. சாக்கெட்டைக் கழற்றினேன். பச்சை ஒயர் வந்திருக்கிறது. சாக்கெட்டின் எர்த் முனையில் அதை மாட்டவே இல்லை. நுனியை மடித்து, இன்சுலேஷன் டேப் சுற்றி, பெட்டிக்குள் திணித்து மூடியிருக்கிறார்கள். கட்டடம் கட்டிய நாள் முதல் அந்தப் பாயின்டுக்கு எர்த்தே கிடையாது. மிக்சிக்கும் வாக்குவம் க்ளீனருக்கும் அது தெரியவில்லை, காரின் சார்ஜர் ஒரே நொடியில் கண்டுபிடித்துவிட்டது. அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு, எர்த்தையும் நியூட்ரலையும் சாக்கெட்டுக்குள்ளேயே ஒரு துண்டு ஒயரால் சேர்த்து "சரி பண்ணிட்டேன்" என்று சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். அப்போது விளக்கு பச்சையாகிவிடும். என்றைக்காவது நியூட்ரல் விட்டுப்போனால் காரின் பாடியில் கரன்ட் நிற்கும். அப்படிச் செய்கிற ஆளை உடனே அனுப்பிவிடுங்கள்.

எர்த் சரியா என்பதை வோல்ட் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது. லோடு கொடுத்துப் பார்க்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே லோடு ஓடும்போது இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. பத்துப் பன்னிரண்டு காட்டினால் எர்த் பிட்டை (எர்த் ஒயர் மண்ணில் இறங்கும் குழி) யாரும் பல வருடமாகக் கவனிக்கவில்லை என்று அர்த்தம். புதிதாக ஒரு எர்த் பிட் போடச் சொல்லுங்கள், அது மொத்தக் கட்டடத்துக்கும் நல்லது. செக்ரெட்டரியையும் அப்போது பக்கத்தில் நிற்க வையுங்கள். இதைப் பார்த்த பிறகு "கார் வேண்டாம்" என்ற பேச்சு பல இடங்களில் "எங்க வீட்டுப் பாயின்டையும் பாருங்க" என்று மாறியிருக்கிறது.

ஒயர் கனத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மீட்டர் போர்டிலிருந்து பின்மூலை வரை நாற்பது மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரில் 15 ஆம்ப் போனால் வழியிலேயே 9 வோல்ட்டுக்கு மேல் குறையும். ஒயர் சூடாவதற்கே 140 வாட் போகும். 4 ஸ்கொயரில் அது 6 வோல்ட் ஆகிவிடும். நான் 6 ஸ்கொயர் இழுக்கச் சொல்வேன். பின்னால் வால் பாக்ஸ் வேண்டும் என்றாலும் சுவரைத் திரும்ப உடைக்க வேண்டாம். சாக்கெட், வழக்கமான ஸ்விட்ச் போர்டு வகை வேண்டாம். ஏசிக்குப் போடும் மெட்டல் பாக்ஸ் சாக்கெட் அல்லது நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. சாதாரண சாக்கெட்டில் உள்ளே இருக்கும் பித்தளை இடுக்கி மூன்று மணி நேரம் 15 ஆம்ப்பைத் தாங்கித் தாங்கித் தளர்ந்துவிடும். அதற்குப் பிறகு ப்ளக்கின் பின் கருக்கும், பிளாஸ்டிக் காபிப் பொடி நிறத்துக்கு மாறும். முதல் வாரத்தில் சார்ஜ் ஏறி அரை மணி கழித்து ப்ளக் டாப்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தால் பரவாயில்லை. கையை எடுக்கத் தோன்றினால் அன்றைக்கே நிறுத்திவிட்டு ஒயர்மேனைக் கூப்பிடுங்கள்.

உங்கள் மாமனாரின் கவலைக்கு மடிப்பாக்கத்தில் இருக்கிறவரிடம் நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அங்கே என்ன நடந்தது என்று அவருக்கே தெரியும். பேட்டரி பெட்டி வழக்கமாக ஐபி 67 தரத்தில் இருக்கும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்தது. நம் பார்க்கிங்கில் தண்ணீர் அரை மணியில் வடிகிறதா? இரண்டு நாள் நிற்கும், சாக்கடையோடு சேர்ந்து நிற்கும். ஆகவே பெட்ரோல் காருக்குச் செய்வதைத்தான் இதற்கும் செய்ய வேண்டும். எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் ஏற்றிவிட வேண்டும். அதற்கு முந்தைய ராத்திரியே நூறு சதவீதம் சார்ஜ் போட்டு வைப்பது முக்கியம், பிறகு கரன்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சாக்கெட்டைத் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். கிளம்பும்போது மீட்டர் போர்டில் அந்த எம்சிபியை இறக்கிவிடுங்கள். ஒருவேளை கார் தண்ணீரில் நின்றுவிட்டால் வடிந்த பிறகு ஸ்டார்ட் செய்து பார்க்கவே வேண்டாம், சார்ஜும் சொருக வேண்டாம். முன்சக்கரம் தரையில் உருள இழுக்கவும் விடாதீர்கள், சக்கரம் சுற்றினால் மோட்டார் ஜெனரேட்டர் ஆகிவிடும். முழுக் காரையும் மேலே ஏற்றிக்கொண்டு போகும் வண்டியைத்தான் கூப்பிட வேண்டும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது தண்ணீரால் பேட்டரி கெட்டால் கவர் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். "உண்டு மேடம், உண்டு" என்று போனில் சொல்வதெல்லாம் கணக்கில் வராது.

சரி, அந்த ஒரு ரூபாய்க் கணக்கு. ஷோரூம்காரர் பொய் சொல்லவில்லை, பாதி சொல்கிறார். நம் ஈபி பில்லில் யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும் என்பதை அவர் விட்டுவிடுகிறார். உங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இப்போது 420 யூனிட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 24 நாள் வீதம் இரண்டு மாதத்துக்குக் கார் 400 யூனிட் குடிக்கும். மொத்தம் 820. 500ஐத் தாண்டியதும் யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல், 600ஐத் தாண்டினால் ஒன்பதுக்கு மேல், 800ஐத் தாண்டினால் பத்துக்கு மேல். அதோடு 500க்குள் இருக்கிறவர்களுக்குக் கிடைக்கும் 101 முதல் 200 வரையிலான பாதி விலைச் சலுகையும் போய்விடும். என் கணக்கில் காரால் கூடும் தொகை இரண்டு மாதத்துக்கு சுமார் 3,700 ரூபாய். ஓடியது 2,400 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். இதே ஓட்டத்துக்கு லிட்டருக்கு 13 தரும் பெட்ரோல் கார் 18,000 ரூபாய்க்கு மேல் கேட்கும். ஒன்றரை ரூபாயும் நல்ல கணக்குதானே, எதற்கு ஒரு ரூபாய் என்று சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள் என்றுதான் புரியவில்லை. வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் ஜிஎஸ்டியோடு யூனிட் இருபது ரூபாயை ஒட்டி வரும். முழுக்க அதிலேயே ஓட்டினால் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய்க்கு மேல்.

இதில் சென்னைக்காரர்கள் கவனிக்காத ஒன்று ஏசி. பெட்ரோல் காரில் ஏசி எவ்வளவு தின்கிறது என்று நமக்குத் தெரியாது, மின் காரில் கண்ணெதிரே தெரியும். ஏசிக்கான செலவு கிலோமீட்டர் கணக்கில் இல்லை, மணிக்கணக்கில். மே மாத மதியம் அது ஒன்றரை கிலோவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓஎம்ஆரில் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு போட்ட இடத்தில் 25 கிலோமீட்டரைக் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது. ஏசிக்கு மட்டும் இரண்டேகால் யூனிட். அந்த வேகத்தில் வண்டியை உருட்ட ஆவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்! அதனால் கம்பெனி சொல்லும் 489 கிலோமீட்டரை மறந்துவிடுங்கள். நகரத்தில் 300 என்று மனதில் வையுங்கள், மே மாதத்தில் இன்னும் கொஞ்சம் கழியுங்கள். காலையில் கிளம்பப் பத்து நிமிடம் முன்பு, ப்ளக் சொருகியிருக்கும்போதே ஏசியைப் போட்டுவிட்டால் வண்டியைக் குளிர்விக்கும் அந்த முதல் பெரிய செலவு ஈபியில் போய்விடும், பேட்டரியில் போகாது.

இந்தப் பேட்டரி வகையை எண்பது சதவீதத்தோடு நிறுத்த வேண்டும் என்று உறவினர்கள் சொல்வார்கள். அது வேறு வகைக்கான பழக்கம். இதில் வோல்டேஜ் நெடுநேரம் ஒரே மட்டத்தில் நிற்பதால், அவ்வப்போது நூறு வரை மெதுவாக ஏற்றினால்தான் மீதம் எவ்வளவு என்று காருக்கே சரியாகத் தெரியும். மேனுவலில் சொல்லியிருக்கும் இடைவெளியில் செய்யுங்கள். டயர் காற்றை மாதம் இரண்டு முறை பாருங்கள், வண்டி கனம். முன்பக்கம் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரியையும் மறக்காதீர்கள். பெரிய பேட்டரியில் எண்பது சதவீதம் இருந்தும், அந்தச் சின்னது செத்ததால் கதவுகூடத் திறக்காமல் நின்ற காரைப் பார்த்திருக்கிறேன்.

திருநெல்வேலி 620 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடக் குறைய வரும். தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் ஒரு சார்ஜுக்கு 270 கிலோமீட்டர். விளிம்பு வரை போகாமல், உளுந்தூர்பேட்டைப் பக்கம் காலை டிபன், விராலிமலை அல்லது துவரங்குறிச்சியில் மதிய சாப்பாடு, விருதுநகர் அல்லது கோவில்பட்டியில் டீ என்று மூன்று நிறுத்தம் வையுங்கள். அந்த நிறுத்தங்களில் எண்பது சதவீதத்தோடு கிளம்பிவிடுங்கள், அதற்கு மேல் ஏறும் வேகம் விழுந்துவிடும். ஒரே ஒரு கன் இருக்கும் இடத்தை நம்பி இறங்காதீர்கள். இரண்டு மூன்று சார்ஜிங் கம்பெனிகளின் ஆப்களில் முன்கூட்டியே கொஞ்சம் பணம் போட்டு வையுங்கள். பொங்கலுக்கு முந்தைய நாள் மட்டும் வேண்டாம், வரிசையில் நின்றே பண்டிகை முடிந்துவிடும். ஒரு நாள் முன்னதாகவோ விடியற்காலை நான்கு மணிக்கோ கிளம்புங்கள்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் அம்மா வீட்டுப் பாயின்டில் உடனே சொருகிவிடாதீர்கள். முதலில் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சார்ஜரில் ஆம்ப் குறைக்கும் வசதி இருந்தால் பத்தில் வையுங்கள். பிறகு, வீட்டில் கிணற்று மோட்டார் ஓடும் நேரம் எது என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அது நின்ற பிறகு ராத்திரியில் போடுங்கள்.